டிஸ்க் போய்விடவில்லை அண்ணாச்சி, எழுந்திருக்க நேரம் கேட்கிறது

வீரவநல்லூரில் போட்டோ ஸ்டூடியோ நடத்தும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம் இது:

"என்னுடையது 2015-இல் அசெம்பிள் பண்ணிய சிஸ்டம். நான்காம் தலைமுறை ஐ5, எச்81 போர்டு. விண்டோஸ் 10 ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டியில் இருக்கிறது. கல்யாணப் போட்டோ, வீடியோ எல்லாம் ஒரு 2 டிபி, ஒரு 4 டிபி ஹார்ட் டிஸ்க்கில். 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்றதும் என் தங்கச்சி மகன் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ் போட்டுக் கொடுத்தான். எஸ்எஸ்டியில் இடம் இல்லாததால் 2 டிபி டிஸ்க்கில் ஓரமாக 60 ஜிபி ஒதுக்கி அதில் போட்டான். நன்றாகத்தான் ஓடியது. ஒரு மாதமாக, காலையில் முதல் தடவை ஆன் பண்ணினால் 'அப்படி ஒரு டிவைஸ் இல்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு வரியும் நீளமாக எண்ணும் எழுத்தும் வருகிறது. கீழே கிரப் என்று போட்டு ஒரு கோடு கண்சிமிட்டிக்கொண்டு நிற்கிறது. கன்ட்ரோல் ஆல்ட் டெலிட் ஒன்றிரண்டு தடவை அடித்தால் மெனு வந்துவிடுகிறது, அன்று முழுக்கப் பிரச்சினை இல்லை. பூட் மெனுவில் விண்டோஸைத் தேர்ந்து போனால் அதே 2 டிபி டிஸ்க் தெரிகிறது, படமும் திறக்கிறது. ஒரு கடையில் டிஸ்க் அவுட், ஃபார்மட் பண்ணிப் பார்க்கலாம் என்றார்கள். இன்னொருவர் பூட்லோடர் கெட்டுவிட்டது, ஓஎஸ் திரும்பப் போட வேண்டும் என்கிறார். மெனு நிற்கும் நொடியைக் கூட்டி வைத்தால் பூட்லோடரே டிஸ்க்கைத் தேடிப் பிடிக்குமா? ஆவணி பிறந்தால் முகூர்த்தம் ஆரம்பித்துவிடும், அதற்குள் சரியாக வேண்டும். இன்னொன்று, மகளின் லேப்டாப்பில் விண்டோஸ் புதிதாகப் போட உட்கார்ந்தால் டிஸ்க்கே இல்லை என்கிறது. அது 11-ஆம் தலைமுறை இன்டெல். அதையும் சொல்லுங்கள்."

அண்ணாச்சி, வணக்கம். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. யார் சொன்னாலும் அந்த 2 டிபி டிஸ்க்கை ஃபார்மட் பண்ணக் கொடுத்துவிடாதீர்கள். ஓஎஸ்ஸையும் இப்போதைக்குத் திரும்பப் போட வேண்டாம். நீங்கள் சொல்கிற கோளாறுக்கு அந்த இரண்டுமே மருந்து இல்லை. ஃபார்மட் பண்ணினால் போவது ஊர்க்காரர்களின் தாலி கட்டு. இன்னொரு தடவை எடுக்க முடியாத படங்கள் அவை.

உங்கள் கடிதத்திலேயே விடைக்கான மூன்று தடயம் இருக்கிறது. ராத்திரி முழுக்க அணைந்து கிடந்த மிஷினில்தான் கோளாறு வருகிறது. ரீஸ்டார்ட் பண்ணினால் போய்விடுகிறது. விண்டோஸ் வழியாகப் போனால் டிஸ்க் தெரிகிறது. மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், டிஸ்க் உயிரோடு இருக்கிறது, பூட்லோடர் (ஓஎஸ்ஸை எழுப்பிவிடும் சின்னப் புரோகிராம்) ஃபைலும் நன்றாக இருக்கிறது, பூட்லோடர் தேடுகிற அந்தச் சில நொடியில் மட்டும் டிஸ்க் ஆஜராகவில்லை என்று ஆகிறது.

உங்கள் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனம். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் யாரும் வயலைக் கொத்திப் பார்ப்பதில்லை. தலைமடையிலிருந்து கரையோடு நடந்து, எந்த மடை வரைக்கும் தண்ணீர் வந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வருவார்கள். கம்ப்யூட்டர் பூட் ஆவதையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். பவர் பட்டனை அழுத்தியதும் எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளைப் பெட்டி கரண்ட் கொடுக்கிறது. போர்டில் இருக்கும், சிஸ்டத்தை முதலில் எழுப்பும் புரோகிராமான பயாஸ் (உங்கள் போர்டில் இருப்பது யுஇஎஃப்ஐ வகை, பேச்சுவழக்கில் அதையும் பயாஸ் என்றே சொல்கிறோம்) டிஸ்க் கேபிள் மாட்டும் ஒவ்வொரு சாட்டா போர்ட்டாக "யார் இருக்கிறீர்கள்?" என்று கேட்டு, பதில் சொன்ன டிஸ்க்குகளைப் பட்டியலாக எழுதிக்கொள்கிறது. பிறகு எஸ்எஸ்டியில் விண்டோஸ் போட்டபோதே உருவான ஒரு சின்ன ஃபேட்32 பார்ட்டிஷனுக்கு (டிஸ்க்கில் தனியாகப் பிரித்த பகுதி) போய், அங்கே உங்கள் மருமகன் போட்ட கிரப் பூட்லோடரை எடுத்து ஓட்டுகிறது. கிரப்போ, தன்னுடைய மெனு ஃபைல் இருக்கும் பார்ட்டிஷனை அதன் அடையாள எண்ணை வைத்துத் தேடுகிறது. நீங்கள் பார்த்த நீளமான எண்ணும் எழுத்தும் அந்த அடையாள எண்தான். உங்கள் சிஸ்டத்தில் அந்தப் பார்ட்டிஷன் இருப்பது 2 டிபி டிஸ்க்கில்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கிரப் தானாகப் போய் வன்பொருளைத் தேடுவதில்லை. பயாஸ் எழுதிக் கொடுத்த பட்டியலில் யார் யார் இருக்கிறார்களோ அவர்களை மட்டும்தான் அதற்குத் தெரியும். பட்டியலில் 2 டிபி டிஸ்க் விடுபட்டிருந்தால் கிரப்பைப் பொறுத்தவரை அப்படி ஒரு டிஸ்க்கே உலகத்தில் இல்லை. விண்டோஸும் லினக்ஸும் அப்படியில்லை. உள்ளே போனதும் சாட்டா கன்ட்ரோலரைத் தங்கள் டிரைவரைக் கொண்டு புதிதாகத் தட்டி எழுப்பி, டிஸ்க் பதில் சொல்லும் வரை பொறுமையாகக் காத்திருக்கும். பயாஸுக்குத் தெரியாத டிஸ்க் விண்டோஸில் தெரிவது அதனால்தான்.

சரி, பயாஸ் ஏன் விட்டுவிட்டது? எஸ்எஸ்டிக்குள் சுற்றுகிற பொருள் எதுவும் இல்லை, கேட்ட உடனே பதில் சொல்லும். ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுழல ஆரம்பித்து, முழு வேகத்தைப் பிடித்து, தட்டைப் படிக்கும் ஹெட் வெளியே வந்து நின்ற பிறகுதான் "வந்தேன்" என்று சொல்ல முடியும். நல்ல நிலையில் இருக்கும் 3.5 அங்குல டிஸ்க்குக்கே இதற்கு 10 நொடி வரை பிடிக்கும், சில டிஸ்க்குக்கு அதற்கு மேலும் ஆகும். பத்து வருஷம் ஓடிய டிஸ்க், கொஞ்சம் தளர்ந்த எஸ்எம்பிஎஸ், உப்பு பூத்த கனெக்டர் என்று சேர்ந்தால் இன்னும் இரண்டு மூன்று நொடி கூடுகிறது. பயாஸில் ஃபாஸ்ட் பூட் ஆன் ஆகியிருந்தால் அது காத்திருக்கும் நேரம் குறைகிறது. ஒரு பக்கம் தாமதம், மறு பக்கம் அவசரம், நடுவில் உங்கள் டிஸ்க் பட்டியலில் விடுபட்டுப் போகிறது. கன்ட்ரோல் ஆல்ட் டெலிட் அடிக்கும்போது டிஸ்க்குக்குப் போகும் கரண்ட் நிற்பதில்லை, தட்டு சுழன்றுகொண்டே இருக்கும். அடுத்த தடவை பயாஸ் கேட்டதும் உடனே பதில் வருகிறது.

நொடியைக் கூட்டி வைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்த நொடிக் கணக்கு எழுதியிருக்கும் மெனு ஃபைல் எங்கே இருக்கிறது? காணாமல் போகிற அதே 2 டிபி டிஸ்க்கில். கிரப் அதைப் படிக்கவே முடியாமல் நிற்கும்போது அதில் 10 என்று இருந்தால் என்ன, 60 என்று இருந்தால் என்ன? எஸ்எஸ்டியில் இருக்கும் பகுதியில் காத்திருக்கும்படி எழுதி வைத்தாலும், கிரப் தொடங்கும்போது கையில் வாங்கிய பட்டியலைத் திரும்பப் புதுப்பிக்கச் சொல்லிக் கேட்பதில்லை. காத்திருப்பு பயாஸ் மட்டத்தில்தான் நடக்க வேண்டும்.

ஃபார்மட் என்றாலே நான் பதறுவதற்குக் காரணம் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் தாமிரபரணி பெருகி திருநெல்வேலி ஜங்ஷன் பகுதி முழுக்கத் தண்ணீர் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்கு அடுத்த இரண்டு மாதம் என் மேஜைக்கு வந்தது பெரும்பாலும் வெள்ளத்தில் நனைந்த சிபியுதான். அதில் ஒன்று, வரிக் கணக்கு எழுதும் ஒருவருடையது. தண்ணீர் கேபினட்டின் அடிப்பாகம் வரைதான் ஏறியிருந்தது, டிஸ்க் தப்பித்துவிட்டது. ஆனால் காலையில் டிஸ்க் தெரியவில்லை என்று, உங்களுக்கு வந்த மாதிரியே ஒரு கோளாறு. என்னிடம் வருவதற்கு முன் யாரோ ஃபார்மட் பண்ணி ஓஎஸ் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நான்கு நாள் நன்றாக ஓடியிருக்கிறது. ஐந்தாம் நாள் திரும்ப அதே கோளாறு. நான் சாட்டா கேபிளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஏழு தகட்டில் இரண்டின் மேல் பச்சையாகக் களிம்பு, இடுக்கில் வண்டல். ஃபார்மட் பண்ணும்போது கேபிளைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். அந்த உரசலில் கொஞ்சம் தொடர்பு கிடைத்து நான்கு நாள் ஓடியிருக்கிறது. கோளாறு ஒரு கேபிளில். போனது அவருடைய பல வருஷக் கணக்கு. மேலே புது ஓஎஸ் எழுதிவிட்டதால் ஓரளவுக்குத்தான் மீட்க முடிந்தது. அந்த மனிதர் என் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

உங்கள் விஷயத்தில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஃபார்மட் பண்ணினால் பார்ட்டிஷனின் அடையாள எண் மாறிவிடும். இன்றைக்குத் தவறுதலாக "டிவைஸ் இல்லை" என்று சொல்கிற கிரப், அப்புறம் உண்மையாகவே சொல்லும்.

இப்போது செய்ய வேண்டியதற்கு வருகிறேன். இன்று ராத்திரியே காப்பி எடுத்துவிடுங்கள். இதற்கு முன் வேறு எதையும் தொட வேண்டாம். 2 டிபியில் இருக்கும் படங்களுக்கு வேறு எங்கும் பிரதி இல்லை என்றால், வெளியே மாட்டும் ஒரு புது டிஸ்க் வாங்கி, சிபியுவின் நீல நிற யுஎஸ்பி 3 போர்ட்டில் மாட்டுங்கள். டிஸ்க் முழுக்க நிறைந்திருந்தால் ஐந்தாறு மணி நேரம் ஆகும். கருப்புப் போர்ட்டில் மாட்டினால் அதுவே ஒரு பகலுக்கும் மேல் ஓடிவிடும். காப்பி முடியும் வரை சிஸ்டத்தை அணைக்காதீர்கள். ஆடிக் காற்றில் கரண்ட் போய்ப் போய் வருகிற நேரம் இது, யுபிஎஸ் தாங்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் பத்துப் பதினைந்து படத்தைப் புது டிஸ்க்கிலிருந்து திறந்து பாருங்கள். அந்த டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வையுங்கள்.

காப்பி எடுத்த மறுநாள் காலை, ராத்திரி முழுக்க ஆறிய மிஷினில், கேபினட்டின் பக்க மூடியைக் கழற்றிவிட்டு ஆன் பண்ணுங்கள். முதலில் கேபினட்டின் உலோகத்தைத் தொட்டுக்கொண்டு, 2 டிபி டிஸ்க்கின் பக்கவாட்டு உலோகத்தில் இரண்டு விரலை வையுங்கள். அடியில் இருக்கும் பச்சைப் போர்டில் கை படக் கூடாது. முதலில் விரலில் மெல்லிய அதிர்வு தெரியும். பிறகு சுருதி ஏறுவது போல ரீங்காரம் ஏறி ஒரு நிலையில் நிற்கும். அதையடுத்து ஹெட் அசையும் மெல்லிய டக் சத்தம் இரண்டு மூன்று கேட்கும். அதுதான் டிஸ்க் தயாரான கணம். பவர் பட்டனிலிருந்து அது வரை எத்தனை நொடி என்று கடிகாரத்தில் பாருங்கள். கிரப் வரி திரையில் வந்தது எத்தனையாவது நொடி என்பதையும் பாருங்கள். ரீங்காரம் ஒரு நிலைக்கு வருவதற்கு முன்பே கிரப் வரி வந்துவிட்டால், நான் சொன்னது அங்கேயே நிரூபணமாகிவிடும். ஒருவேளை ரீங்காரம் ஏறி, இறங்கி, மறுபடி ஏறினால் அணைத்துவிடுங்கள். மோட்டார் எழ முடியாமல் திணறுகிறது என்று அர்த்தம், அல்லது கரண்ட் போதவில்லை.

கரண்ட் போதுகிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி. ஒரு நாள் ராத்திரி சிஸ்டத்தை அணைத்து, பிளக்கையும் உருவிவிட்டு, 4 டிபி டிஸ்க்கின் பவர் கேபிளை மட்டும் கழற்றி வையுங்கள். ஹார்ட் டிஸ்க் சுழல ஆரம்பிக்கும் நேரத்தில் ஒவ்வொன்றும் 12 வோல்ட் லைனில் 2 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், ஓடும்போது இழுப்பதைவிட அது பல மடங்கு. மறுநாள் காலை 4 டிபி இல்லாமல் 2 டிபி சரியாக எழுந்து மெனு வந்துவிட்டால் எஸ்எம்பிஎஸ் தளர்ந்திருக்கலாம், அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் நான்கு முள் கனெக்டரில் மஞ்சளுக்கும் கருப்புக்கும் நடுவே பாருங்கள். 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் இருக்க வேண்டும். பழைய நான்கு முள் கனெக்டரிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் சின்ன கன்வெர்ட்டர் ஏதாவது இடையில் இருந்தால் அதை எடுத்துவிட்டு நேரடி சாட்டா பவர் லைனில் மாட்டுங்கள். பிளாஸ்டிக்கில் வார்த்த கன்வெர்ட்டர் உள்ளே உருகிக் கருகி, டிஸ்க்கையும் சேர்த்துக் கெடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

சாட்டா டேட்டா கேபிளைச் சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம். மலிவான பொருள், புதிது மாற்றிவிடுங்கள். உலோகக் கிளிப் வைத்ததாகக் கேட்டு வாங்குங்கள், அது அசையாது. சாரல் காலத்து ஈரமும் காற்றடி காலத்துத் தூசியும் சேர்ந்தால் கனெக்டர் என்ன ஆகும் என்பது உங்கள் கேமரா லென்ஸைப் பார்த்தே உங்களுக்குத் தெரியும்.

அப்புறம் பயாஸுக்குள் போங்கள், ஆன் பண்ணியதும் டெலிட் கீயைத் தட்டிக்கொண்டே இருந்தால் வரும். தேதியையும் மணியையும் முதலில் பாருங்கள். தவறாக இருந்தால் போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி, சிஆர்2032 என்று கேட்டால் கொடுப்பார்கள், அது தீர்ந்துவிட்டது. 2015 போர்டில் இதுவரை மாற்றாவிட்டால் இப்போது மாற்றுவது நல்லது. பேட்டரி தீர்ந்தால் நீங்கள் வைத்த செட்டிங் எல்லாம் மறந்து போய், கம்பெனி வைத்த நிலைக்கே பயாஸ் திரும்பும். ஒரு மாதத்துக்கு முன் திடீரென்று ஆரம்பித்ததற்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம். பேட்டரியைக் கழற்றும் முன் பயாஸ் பக்கங்களை மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, சாட்டா மோட் என்ற இடத்தில் ஏஎச்சிஐ (போர்டு டிஸ்க்கோடு பேசும் முறை) என்று இருக்கிறதா என்று பார்த்து, மாற்றிய பிறகும் அதே இருக்கும்படி வைக்க வேண்டும். இது மாறினால் விண்டோஸ் நீலத் திரையில் நிற்கும்.

அதே பயாஸில் ஃபாஸ்ட் பூட்டை ஆஃப் பண்ணுங்கள். சில போர்டுகளில் போஸ்ட் டிலே என்றோ ஹார்ட் டிஸ்க் டிலே என்றோ நொடிக் கணக்கில் ஒரு செட்டிங் இருக்கும். இருந்தால் 5-இல் ஆரம்பித்து, போதவில்லை என்றால் 10 வையுங்கள். விண்டோஸுக்குள் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று வேறொன்று இருக்கிறது, பெயர் ஒன்று போல இருந்தாலும் வேலை வேறு. அதையும் ஆஃப் பண்ணிவிடுங்கள். அது ஆன் ஆக இருந்தால் விண்டோஸ் முழுதாக மூடாமல் பாதித் தூக்கத்தில் போகும், அதனால் லினக்ஸில் உங்கள் போட்டோ பார்ட்டிஷன் எழுத முடியாதபடி திறக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு காலை அந்தக் கருப்புத் திரை வந்தால், ரீஸ்டார்ட் பண்ணும் முன் கிரப் கோட்டில் எல், எஸ் என்ற இரண்டு ஆங்கிலச் சின்ன எழுத்தை அடித்து என்டர் தட்டுங்கள். கிரப்புக்குத் தெரிந்த டிஸ்க் எல்லாம் அடைப்புக்குறிக்குள் வரிசையாக வரும். எச்டி0 என்பது முதல் டிஸ்க், எச்டி1 இரண்டாவது. டிஸ்க்கை 0-விலிருந்தும் பார்ட்டிஷனை 1-இலிருந்தும் எண்ணும். உங்களிடம் மூன்று டிஸ்க் இருப்பதால் எச்டி2 வரை வர வேண்டும். இரண்டுதான் வந்தால் பயாஸ் பட்டியலிலேயே இல்லை, மேலே சொன்ன கரண்ட், கேபிள், காத்திருப்பு இவற்றில் ஏதோ ஒன்று பாக்கி. மூன்றும் வந்து, அதில் ஒன்றுக்குப் பார்ட்டிஷன் மட்டும் காட்டவில்லை என்றால் அது வேறு நோய். அப்போது ஒன்றும் எழுதாமல் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

டிஸ்க்கின் உடம்பு எப்படி இருக்கிறது என்று அதனிடமே கேட்கலாம். லினக்ஸ் மின்ட்டில் டிஸ்க்ஸ் என்ற புரோகிராம் இருக்கிறது. 2 டிபியைத் தேர்ந்து, டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைக்கும் ஸ்மார்ட் விவரத்தைத் திறங்கள். எண் போட்ட நீண்ட பட்டியல் வரும். உங்களுக்கு அதில் 3-ஆம் வரியும் 10-ஆம் வரியும் முக்கியம். 3 என்பது தட்டு வேகம் பிடிக்க எடுக்கும் நேரத்தின் மதிப்பு. 10 என்பது முதல் முயற்சியில் சுழல முடியாமல் மறுபடி முயன்ற தடவை, இது 0 ஆக இருக்க வேண்டும். ஏறியிருந்தால் முதலில் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகப்படுங்கள், எஸ்எம்பிஎஸ் நல்லது என்றால் டிஸ்க்குக்கு ஓய்வு கொடுக்கும் காலம் வந்துவிட்டது. 5, 197, 198 வரிகள் தட்டில் கெட்ட இடங்களைச் சொல்பவை. அதில் எண் இருந்து நாளுக்கு நாள் கூடினால் அந்த டிஸ்க்கில் புதுக் கல்யாணத்தைப் போடாதீர்கள். 199-இல் எண் பெரிதாக இருந்தால் பெரும்பாலும் கேபிள்தான். பழைய எண் அழியாது, புதுக் கேபிள் போட்ட பிறகு அதற்கு மேல் ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இனி நிரந்தர ஏற்பாடு. உங்கள் மருமகன் நல்ல மனதோடு செய்திருக்கிறான், லினக்ஸ் போட்டதில் குறையில்லை. ஆனால் மிஷின் எழுவதற்கு எது கட்டாயம் வேண்டுமோ அதை இருப்பதிலேயே மெதுவான டிஸ்க்கில் வைத்துவிட்டான். ஹார்ட் டிஸ்க் அரை நிமிடம் தாமதமாக வந்தாலும் படம்தானே தாமதமாகும், சிஸ்டம் ஏன் நிற்க வேண்டும்? எச்81 போர்டில் நான்கு சாட்டா போர்ட் இருக்கிறது, நீங்கள் மூன்றைப் பயன்படுத்துகிறீர்கள். நான்காவதில் ஒரு சின்ன சாட்டா எஸ்எஸ்டி போட்டு லினக்ஸை அதில் வையுங்கள். போர்டில் 6 ஜிபி வேகப் போர்ட் இரண்டுதான் உண்டு, எஸ்எஸ்டி இரண்டையும் அவற்றில் மாட்டிவிட்டு ஹார்ட் டிஸ்க்குகளை மற்ற இரண்டுக்கு மாற்றுங்கள். கடையில் என்விஎம்இ வகை எஸ்எஸ்டி வேகமானது, அதை வாங்குங்கள் என்பார்கள். உங்கள் போர்டுக்கு வேண்டாம். அந்தக் காலத்துப் போர்டின் பயாஸில் பெரும்பாலும் என்விஎம்இக்கு டிரைவர் கிடையாது. அடாப்டர் போட்டு மாட்டினால் விண்டோஸுக்குள் தெரியும், பூட் ஆகாது. திரும்ப இதே தலைவலி.

லினக்ஸ் போடும்போது புது எஸ்எஸ்டியைத் தவிர மற்ற மூன்று டிஸ்க்கின் டேட்டா கேபிளையும் கழற்றிவிடச் சொல்லுங்கள். தவறிப் போய் வேறு டிஸ்க்கில் எழுதுகிற பயம் இல்லை, பூட்லோடரும் அந்த எஸ்எஸ்டியிலேயே உட்காரும். பிறகு எல்லாவற்றையும் மாட்டி, பயாஸில் புது எஸ்எஸ்டியை முதலாவதாக வைக்கலாம். ஹார்ட் டிஸ்க் இரண்டும் லினக்ஸில் தானாகத் திறக்க (மவுன்ட் ஆக) எஃப்எஸ்டேப் என்ற செட்டிங் ஃபைலில் வரி எழுதினால், அந்த வரியில் நோஃபெயில் என்ற சொல்லை மறக்காமல் சேர்க்கச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் டிஸ்க் வராத நாளில் லினக்ஸ் 90 நொடி காத்திருந்துவிட்டு அவசர நிலைத் திரையில் போய் நிற்கும். 2 டிபியில் இருக்கும் பழைய 60 ஜிபி பார்ட்டிஷன் அப்படியே கிடக்கட்டும், இப்போது யாரும் அதைத் தொட வேண்டாம்.

எஸ்எஸ்டி வாங்கும் வரை சமாளிக்க இன்னொரு வழியும் உண்டு. ரீஃபைண்ட் என்று ஒரு இலவச பூட் மேனேஜர். அதை எஸ்எஸ்டியின் ஃபேட்32 பார்ட்டிஷனில் போடலாம். அதன் செட்டிங் ஃபைலில் ஸ்கேன் டிலே என்று ஒரு வரி, டிஸ்க்குகளைத் தேடும் முன் எத்தனை நொடி பொறுக்க வேண்டும் என்று சொல்வதற்கே இருக்கிறது. திரை வந்த பிறகும் டிஸ்க் இல்லை என்றால் எஸ்கேப் கீயை அழுத்தினால் திரும்ப ஒரு தடவை தேடும். நீங்கள் பூட்லோடரிடம் எதிர்பார்த்த குணம் இதில் இருக்கிறது. மருமகன் பத்து நிமிடத்தில் போட்டுவிடுவான். ஆனால் கரண்டோ கேபிளோ காரணமாக இருந்தால் இது நோயை மூடி மறைத்துவிடும், அதனால் சோதனையை முடித்துவிட்டுப் போடுங்கள்.

மகளின் லேப்டாப்புக்கு வருகிறேன். அங்கே டிஸ்க் தூங்கவில்லை, நடுவில் ஒரு திரைச்சீலை இருக்கிறது. 11-ஆம் தலைமுறையிலிருந்து பல இன்டெல் லேப்டாப்புகளில் விஎம்டி என்று ஒரு ஏற்பாட்டை ஆன் பண்ணியே அனுப்புகிறார்கள். என்விஎம்இ டிஸ்க் அதன் பின்னால் உட்கார்ந்திருக்கும். அதற்கான டிரைவர் விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவில் இல்லாததால் பட்டியல் காலியாக வருகிறது. லேப்டாப் கம்பெனியின் இணையப் பக்கத்தில் அந்த மாடலுக்கு இருக்கும் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, விரித்து, அதே பென்டிரைவில் ஒரு ஃபோல்டரில் போடுங்கள். டிஸ்க் இல்லை என்று வரும் திரையிலேயே லோட் டிரைவர் என்று ஒரு பட்டன் இருக்கும், அதில் அந்த ஃபோல்டரைக் காட்டினால் டிஸ்க் வந்துவிடும். பயாஸில் போய் விஎம்டியை ஆஃப் பண்ணினாலும் தெரியும். ஆனால் இப்போதிருக்கும் விண்டோஸ் அதற்குப் பிறகு எழாமல் போகலாம். அவள் படிப்பு ஃபைல்களை எடுத்து வைக்கும் முன் அதைச் செய்யாதீர்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஆன் ஆகியிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி பெரும்பாலும் அவளுடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதைக் காகிதத்தில் எழுதிக்கொண்ட பிறகுதான் பயாஸில் கை வைக்க வேண்டும்.

ஆடி முடிய இன்னும் நாள் இருக்கிறது அண்ணாச்சி. காப்பி இன்று ராத்திரி. கேபிளும் பேட்டரியும் நாளை சேரன்மகாதேவியிலோ அம்பாசமுத்திரத்திலோ கிடைத்துவிடும். விரலை வைத்துப் பார்க்கும்போது கிடைக்கிற நொடிக் கணக்கையும் 3, 10, 199 வரிகளில் இருந்த எண்களையும் ஒரு தாளில் குறித்து எனக்கு அனுப்புங்கள். எஸ்எம்பிஎஸ் மாற்ற வேண்டுமா வேண்டாமா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன், அது வரை அதற்குச் செலவு செய்யாதீர்கள்.